எல்லாருக்கும் பைவ் நைன்

சல்லிசாகக் கிடைக்கிறது என்று யாராவது பழைய லாரி ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எனக்கு அந்தப் புத்தி அன்றைக்கு இல்லை. ராணிப்பேட்டையில் மூடிக் கிடந்த ஒரு ரசாயனக் கம்பெனியின் தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு காயலான் கடைக்காரர் அள்ளிக்கொண்டு வந்திருந்தார். அந்தக் குவியலிலிருந்து எங்கள் தெருப் பாய் இரண்டு ரேடியோப் பெட்டிகளைப் பொறுக்கி, கோணிப்பையில் போட்டு, நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். டேங்கர் லாரிகளில் டிரைவருக்குப் பக்கத்தில் திருகி வைத்திருந்தவை அவை. மேஜைமேல் வைத்ததும் ஒரு வாடை கிளம்பியது. ஆம்பூரில் தோல் வாடையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கே குமட்டியது.

“இன்னா பாய் இது, செத்த எலி மாதிரி நாறுது?”

“ரிப்பீட்டர்” என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் அவருக்கு மூச்சு வாங்கியது.

பாயும் நானும் ஹாம்காரர்கள். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்கி, சொந்த ரேடியோவில் முகம் தெரியாதவர்களோடு பொழுதுபோக்குக்காகப் பேசுகிறவர்கள். செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருஷமாகிறது. நான் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷின்களின் மின்சார வேலையைப் பார்ப்பவள். அவர் தோல் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே தெருவின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. என்னைவிட நிறைய மூத்தவர். என்னைத் தங்கச்சி என்பார், அவர் மனைவியை நான் பாபி என்பேன். ஆனால் சால்டரிங் இரும்பைக் கையில் எடுத்துவிட்டால் எங்களுக்குள் வயசும் கிடையாது, மரியாதையும் கிடையாது. யார் செய்தது தப்பு என்ற சண்டைதான்.

போன வருஷம் அவர் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கட்டி சுருங்கியது, கூடவே குரலும் சுருங்கிவிட்டது. முழுக்கப் போகவில்லை. கிட்டே உட்கார்ந்து வாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் எல்லாமே புரியும். தள்ளி உட்கார்ந்தால் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற சத்தம்தான் கேட்கும்.

வியாதியைவிட அவரை அதிகமாக வதைத்தது வேறொன்று. அவர் தொடங்கிய பேச்சையெல்லாம் மற்றவர்கள் முடித்து வைத்தார்கள். “த...” என்று ஆரம்பித்தால் மகள் தண்ணீரைக் கொண்டுவந்து நீட்டுவாள். அவர் கேட்க வந்தது தபால் வந்ததா என்பது. தண்ணீரைக் குடித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார். கடைத்தெருவில், மசூதி வாசலில், மருமகனோடு போனில், எங்கேயும் அவர் பேச்சு அவர் வசம் இல்லை. ரேடியோவில் மட்டும் ஒரு சௌகரியம் உண்டு. பட்டனை அழுத்திக்கொண்டிருக்கும்வரை பேச்சு உங்களுடையது. எதிர்முனையில் இருப்பவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் குறுக்கே நுழைய முடியாது. நடுவில் மூச்சு வாங்கலாம், எச்சில் விழுங்கலாம், யோசிக்கலாம்.

“அதுல மட்டுந்தான் தங்கச்சி, நான் ஆரம்பிச்சத நானே முடிக்க முடியும்” என்றார்.

அதைக் கேட்ட பிறகு அந்த நாற்றம் பிடித்த பெட்டிகளை வெளியே எறிய எனக்கு மனசு வரவில்லை.

வேலூரில் தினமும் காலையில் ஹாம்காரர்கள் ரேடியோவில் கூடுவார்கள். ஒருவர் நடத்துவார். மற்றவர்கள் வரிசையாக வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவார்கள். அதற்கு நெட் என்று பெயர். ஆம்பூரில் இருக்கிற எங்களுக்கு அது எட்டாது. எங்கள் சின்ன ரேடியோக்களின் அலை நேராகத்தான் போகும், நடுவில் இருக்கிற மலைகளை ஏறி இறங்காது. மலைமேல் ஒரு ரிப்பீட்டர் வைத்தால், அது இந்தப் பக்கத்துப் பேச்சைக் கேட்டு, கேட்கும்போதே அந்தப் பக்கத்துக்குத் திரும்பச் சொல்லும். கேட்பதற்கு ஒரு ரேடியோ, சொல்வதற்கு ஒரு ரேடியோ. கடையில் புதிதாக விற்பதை எங்களால் வாங்க முடியாது. எங்களைப் போன்றவர்கள் எங்கே இருந்தாலும் லாரியிலும் டாக்சியிலும் ஓடிக் களைத்த பெட்டிகளைத்தான் அறுத்து ஒட்டுகிறார்கள்.

அறுத்து ஒட்டுவது என்று லேசாகச் சொல்லிவிட்டேன். என் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் அது தின்றது. கம்பெனிப் பெட்டிகள் எங்களுக்கு அனுமதியுள்ள அலைவரிசைக்குக் கொஞ்சம் மேலே வேலை செய்யவென்று செய்யப்பட்டவை. கீழே இழுத்தால் வரமாட்டேன் என்று அடம்பிடித்தன. உள்ளே இருக்கிற ஒரு செம்புக் கம்பிச் சுருளை மயிரிழை அளவுக்கு நெருக்கினால் சரியாகும். அப்பாடா என்று மேல்மூடியைப் போட்டால் மறுபடியும் கெட்டுப்போகும். திறந்தால் வேலை செய்கிறது, மூடினால் செய்யவில்லை.

“மூடி இல்லாமலே வெச்சிடலாம் பாய், பேஜாரா இருக்குது.”

“வெச்சிடு. மலை மேல பல்லி வந்து உள்ள குடும்பம் நடத்தும்” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் திருப்புளியை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். பாபி டீ கொடுத்துச் சமாதானம் செய்து திரும்ப உட்கார வைத்தார். கடைசியில் மூடியைப் போட்டால் எவ்வளவு கெடும் என்று கணக்குப் பண்ணி, திறந்திருக்கும்போதே அவ்வளவு தப்பாக வைத்தோம். மூடினதும் சரியாகிவிட்டது.

இன்னொரு தொல்லை சூடு. லாரி டிரைவர் “வந்துட்டேன், கேட்டைத் திற” என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவான். பெட்டி அதற்குத் தகுந்தாற்போலத்தான் செய்யப்பட்டது. ஹாம்காரர்கள் அப்படியா? விரிஞ்சிபுரத்திலிருந்து பேசும் ஒருவர் தன் வீட்டுப் போர் போட்ட கதையைத் தொடங்கினால் தண்ணீர் வருகிறவரை விடமாட்டார். அதனால் பெட்டியின் சக்தியைச் சரிபாதிக்கும் கீழே குறைத்து, பின்னால் ஒரு கம்ப்யூட்டர் விசிறியை வைத்துக் கட்டினோம். யாராவது பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் தானாகத் துண்டிக்கிற ஒரு டைமரும் வைத்தோம். பாய் மூச்சு வாங்கி மூச்சு வாங்கிப் பேசுகிறவர் என்பதால் அந்த நேரத்தை மற்ற ஊர்களில் இருப்பதைவிடக் கூட்டி வைத்தேன்.

அப்புறம் காது. பக்கத்தில் ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது தூரத்தில் இருப்பவனின் கிசுகிசுப்பு எப்படிக் கேட்கும்? பேசுகிற பெட்டி கேட்கிற பெட்டியைச் செவிடாக்கியது. இரண்டையும் பிரிக்கப் பெரிய பித்தளைக் குழாய்களாலான ஒரு வடிகட்டி வேண்டும். பாய் வேலூரில் ஒரு பாத்திரக் கடைக்காரரிடம் சொல்லிக் குழாய்களை வெட்டி, மூடி வைத்துப் பற்றவைத்து வாங்கிவந்தார். இது எதற்கு, எதற்கு என்று அந்த ஆள் கேட்டுக்கொண்டே இருந்தாராம். சாராயம் காய்ச்சவோ என்று அவருக்குச் சந்தேகம்.

இந்தக் குழாய்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் அடுத்த சேதியைச் சொன்னார்கள். கட்டி திரும்ப வந்துவிட்டது. இனிமேல் கரண்ட் வைத்துப் பிரயோஜனமில்லை, குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். கழுத்தில் துளை போட்டு அதன் வழியாக மூச்சு விடலாம், பழகினால் கருவி வைத்துப் பேசலாம். இப்போதே எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார், தள்ளிப்போட்டால் எங்களால் உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பாய் கேட்டது ஒன்றே ஒன்று. ரம்ஜான் முடியட்டும் என்றார். டாக்டருக்கு இஷ்டமில்லை, இருந்தாலும் பண்டிகைக்கு அடுத்த வாரத்தில் ஒரு தேதி கொடுத்தார். அன்று சாயங்காலம் பாபி என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார்.

“அவருக்கு நோன்பும் இல்ல, ஒன்னும் இல்ல. தொண்டைல எச்சிலே எறங்க மாட்டேங்குது. உங்க டப்பாவுக்காகத்தான் தேதியத் தள்றாரு. சீக்கிரம் முடிச்சிக் குடுத்துடுங்க சிஸ்டர். ஆசை தீரப் பேசிட்டு வந்து படுக்கட்டும்.”

அதுவரை ஆசைக்குச் செய்த வேலை அன்றிலிருந்து பயத்துக்குச் செய்த வேலையாகிவிட்டது. கம்பெனியில் லீவு போட்டேன். மேலதிகாரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மலைமேல் ஒரு கேபிள் டிவிக்காரர் விட்டுவிட்டுப் போன அறை இருந்தது, கம்பமும் மின்சாரமும் இருந்தன. எங்கள் ஹாம் சங்கத்தின் பெயரில் அனுமதியும் வந்துசேர்ந்தது. நோன்பு தொடங்கிய வாரத்தில் ரிப்பீட்டரை மேலே ஏற்றினோம். நான் மலைமேல், பாய் வீட்டில். “ஹலோ, ஒன், டூ, த்ரீ” என்றார். எனக்குக் கேட்டது. ஒன்று இரண்டு மூன்று என்றுதான் சொல்லப்போகிறார் என்று எனக்கு முன்னாலேயே தெரியும் என்பது அப்போது உறைக்கவில்லை.

பட்டனை அழுத்தினால் அவர் ரேடியோ நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் குரல் தாழ்ந்து இருந்தது. ரிப்பீட்டருக்குள் பேச்சின் அளவைக் கூட்டிக் குறைக்கிற ஒரு சின்னத் திருகு உண்டு. அதை அவருக்காக ஏற்றி வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாளே நாட்றம்பள்ளிக்காரர் ஒருவர், தன் குரல் பிளிறுகிறது, குறைக்க வேண்டும் என்றார். வாயை மைக்கிலிருந்து தள்ளி வைத்துக்கொள்ளுங்கள் சார், அது ஐஸ்கிரீம் இல்லை என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

நெட் நடக்கிற நேரத்தில் நான் கம்பெனி பஸ்ஸில் இருப்பேன். போட்ட லீவுக்கு ஈடாக ஞாயிற்றுக்கிழமைகளிலும் வரச் சொல்லிவிட்டார்கள். எனவே அங்கே என்ன நடக்கிறது என்பதைப் பாய் வாயால்தான் தெரிந்துகொண்டேன். சாயங்காலம் போனால் அவர் முகமே வேறு மாதிரி இருக்கும். சட்டைக்குக் கஞ்சி போட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

“இன்னிக்கும் பைவ் நைன் தங்கச்சி.”

அதென்ன என்று சொல்லிவிடுகிறேன். ரேடியோவில் ஒருவர் பேசினால், அவர் எப்படிக் கேட்டார் என்பதை மற்றவர் இரண்டு எண்களில் சொல்வார். முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதற்கு, ஐந்து என்றால் முழுக்கப் புரிகிறது. இரண்டாவது எண் சிக்னலின் பலத்துக்கு, அதிகபட்சம் ஒன்பது. பைவ் நைன் என்றால் நூற்றுக்கு நூறு. ஆனால் ஹாம்காரர்களிடம் இது நாளாவட்டத்தில் வணக்கம் மாதிரி ஆகிவிட்டது. கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பிரமாதம் என்கிறோமே, அந்த மாதிரி. “பைவ் நைன் சார், உங்க பேரை இன்னொரு தபா சொல்லுங்க, புரியல” என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். யார் மனதையும் நோகடிக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் நல்ல குணம். அந்த நல்ல குணத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றைக்கு அப்படி இல்லை. பெருமையாகத்தான் இருந்தது. அவருக்குப் பைவ் நைன் என்றால் என் ரிப்பீட்டருக்கும் பைவ் நைன்தானே என்று பூரித்துப் போயிருந்தேன்.

பண்டிகை வந்தது, போனது. பாபி அனுப்பிய சேமியாவைச் சாப்பிட்டோம். அடுத்த வாரம் ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் கம்பெனி கேட் பக்கத்தில் பாபி நிற்கிறார். பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். பாபியை அந்த இடத்தில் நான் பார்த்ததே இல்லை. ஏதோ ஆகிவிட்டது என்று ஓடினேன்.

“பாபி, பாய்க்கு இன்னா ஆச்சு?”

“ஒன்னும் ஆகல. நேத்து அட்மிட் ஆவற நாளு. போவல. வரமாட்டேன்னுட்டாரு.”

“ஏன்?”

“உங்களக் கேக்கத்தான் வந்தேன். ரேடியோல எல்லாரும் உன் குரல் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்குதுன்னு சொல்றாங்களாம். தெனமும் சொல்றாங்களாம். கரண்ட் வெச்சது இப்பதான் வேலை செய்யுது, நல்லாயிட்டு வர்றத எதுக்கு வெட்டணும்னு கேக்கறாரு. டாக்டருங்க ஒரு பக்கம், நாங்க ஒரு பக்கம், அந்த டப்பா ஒரு பக்கம். அவரு டப்பா சொல்றதத்தான் கேக்கறாரு. நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. அவரோடு நடந்தே வந்தேன்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் வீட்டில் ரேடியோவை வைத்துக்கொண்டு முதல்தடவையாக நெட்டை முழுக்கக் கேட்டேன். விரிஞ்சிபுரத்துக்காரர் வந்தார், நாட்றம்பள்ளிக்காரர் வந்தார். பாயின் முறை வந்தது. சிக்னல் காட்டுகிற கோடுகள் முழுசாக ஏறி நின்றன. நாங்கள் செய்த வேலையில் குறை சொல்ல எதுவும் இல்லை. உள்ளே இருந்து வந்தது மூச்சு. இழுக்கிற மூச்சு, விடுகிற மூச்சு, நடுவில் உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம். நான் ஏற்றி வைத்த திருகு அந்த மூச்சைப் பெரிய மூச்சாக்கிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பிடிபடுமா என்று ஸ்பீக்கரில் காதை வைத்தேன். ஒன்றும் இல்லை. நேரில் நான் புரிந்துகொண்டதெல்லாம் அவர் வாயைப் பார்த்துத்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் பட்டனை விட்டார். உடனே ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்.

“பைவ் நைன் பாய், அருமை.”

“பைவ் நைன் பாய், வெரி நைஸ், சொன்னதெல்லாம் காப்பி பண்ணேன், புரிஞ்சுது.”

“சூப்பர் பாய், நாளைக்கிப் பாப்போம்.”

ஒரு மனுஷன் வாய் திறந்து பேசியிருக்கிறான், அவன் என்ன சொன்னான் என்று இவர்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் யாரும் முயற்சி பண்ணவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நெட்டை நடத்துகிறவர் வேலூரில் இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, தங்கமான மனிதர். அவருக்குப் போன் போட்டேன்.

“சார், பாய் பேசறது உங்களுக்குப் புரியுதா?”

“எங்கேம்மா புரியுது. பாவம், உடம்பு சரியில்லாதவரு. நாம சொல்ற ஒரு வார்த்தைல அவருக்கு ஒரு சந்தோஷம்னா சொல்லிட்டுப் போவோமே.”

ஆபரேஷன் விஷயத்தைச் சொன்னேன். தேதி போனதைச் சொன்னேன். “ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா” என்று மூன்று நான்கு தரம் சொன்னார். அப்படியானால் நாளைக்கு நீங்களே உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்றேன். “இவ்வளவு நாள் பைவ் நைன்னு சொன்ன வாயால எப்படிம்மா? நீ கூடவே இருக்கறவ, பக்குவமா வீட்ல சொல்லிடேன்” என்றார். திட்டவேண்டும் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு போனை வைத்தேன்.

பக்குவமாகச் சொல்லத்தான் போனேன். வாசலில் செருப்பை விடுவதற்குள்ளேயே பாய் எழுந்து வந்துவிட்டார். நான் இன்றைக்கு நெட்டைக் கேட்டிருப்பேன் என்று அவருக்குத் தெரியும். “எப்டி இருந்துச்சு?” என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே. பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை வீட்டுக்கு வந்து நிற்குமே, அந்த முகம். நாளைக்குத் தன் கல்யாணக் கதையைச் சொல்லப்போவதாகவும், இன்றைக்கு ஆரம்பித்து வைத்திருப்பதாகவும் சொன்னார். மாப்பிள்ளை ஊர்வலத்தில் குதிரை மிரண்டு அவரைத் தூக்கிக்கொண்டு பாலாற்று மணலில் ஓடிய கதை. வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டேன், ஒரு சொல் விடாமல் புரிந்தது. சிரித்தேன். பாபி அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன்.

ராத்திரி தூக்கமா வரும்? நேரில் சொன்னால் அவர் கேட்கப்போவதில்லை என்று மட்டும் எனக்குப் பட்டுக்கொண்டே இருந்தது. அவர் நம்புவது நெட்டில் சொல்லப்படுவதைத்தான்.

மறுநாள் பஸ்ஸை விட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். பாயின் முறை வந்தது. கோடுகள் முழுசாக ஏறின. வெகுநேரம் மூச்சு வந்தது. நடுவில் ஓரிடத்தில் சிரித்தாற்போல இருந்தது. குதிரை மிரண்ட இடமாக இருக்கும். விரிஞ்சிபுரத்துக்காரர் வழக்கம்போல பைவ் நைன் என்று ஆரம்பித்து முடித்தார். அடுத்தவர் நுழைவதற்குள் நான் பட்டனை அழுத்திவிட்டேன்.

“பாய், நான்தான் பேசறேன். உங்க சிக்னல் நைன். பேச்சு ஒன்னு. ஐஞ்சுக்கு ஒன்னு. நீங்க இப்ப பேசினதுல ஒரு வார்த்தை கூட எனக்குப் புரியல. இங்க யாருக்கும் புரியல. இத்தினி நாளா புரியல. புரிஞ்சவங்க யாராவது இருந்தா, பாய் இன்னா சொன்னாருன்னு இப்ப சொல்லுங்க.”

பட்டனை விட்டேன். ரிப்பீட்டர் கொஞ்ச நேரம் காத்திருந்தது, யாரும் வரவில்லை, அணைந்துவிட்டது. வேலூரிலிருந்து நாட்றம்பள்ளிவரை அத்தனை பேரும் ரேடியோ பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர்கூட அழுத்தவில்லை.

அப்புறம் கோடுகள் ஏறின. பாய்தான். மூச்சு வந்தது, வேகவேகமாக வந்தது, இடைவெளியே விடாமல் வந்தது. பேசுகிறார் பேசுகிறார், பேசிக்கொண்டே இருக்கிறார். என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ள என் உயிரையே கொடுத்திருப்பேன். டைமர் துண்டித்தது. அவருக்காக நான் கூட்டி வைத்த அந்த நேரமும் போதவில்லை. அதன் பிறகு அவர் வரவில்லை. நெட்டை நடத்துகிறவர் மட்டும் வந்து, “இப்படியாம்மா சொல்றது” என்று மெதுவாகக் கேட்டுவிட்டு எல்லாருக்கும் விடை கொடுத்தார்.

தெருவை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. பாய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ரேடியோவின் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி மேஜைமேல் வைத்திருந்தார். என்னைப் பார்க்கவில்லை. பாபி உள்ளே போனில் யாரிடமோ வேறு தேதி கேட்டுக்கொண்டிருந்தார். “இந்த வாரமே வர்றோம், கண்டிப்பா வர்றோம்” என்று சொல்வது கேட்டது. நான் நின்றேன், நின்றேன், பிறகு திரும்பி வந்துவிட்டேன்.

காரில் வேலூருக்குப் போகும்போது பாபி என்னையும் கூட்டிக்கொண்டார். முன் ஸீட்டில் பாய், பின்னால் நாங்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்றைக்கு அவர் கடைத்தெருவுக்குப் போகிறார், காய்கறிக்காரரிடம் கையாலேயே சண்டை போடுகிறார். சங்கத்தில் சிலர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அதெல்லாம் பிற்பாடு. நான் சொல்ல வந்தது ஆபரேஷன் அன்று காலையில், அவரை உள்ளே கொண்டுபோவதற்கு முன்னால் நடந்தது.

பச்சை அங்கியைப் போட்டுத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். பாபி அவர் கையைப் பிடித்துக்கொண்டு துவா ஓதினார். மகள் ஓதினாள். நான் சுவரோரமாக நின்றேன், கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை. அவர் கையை அசைத்து என்னைக் கூப்பிட்டார். போய்க் குனிந்தேன்.

“அன்னிக்கு அமுக்கிப் புடிச்சிக்கினு நான் இன்னா சொன்னேன் தெரியுமா?”

“தெரியாது பாய்.”

“உன்னத்தான் திட்டினேன். கட் ஆவற வரைக்கும்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அதோடு கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

“எல்லாருக்கும் முன்னாடி சொல்லிட்டியே தங்கச்சி.”

அந்த வலி போகவில்லை, எனக்குத் தெரிந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன், வந்தது வேறு.

“தனியா சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா பாய்?”

நர்ஸ் வந்து வண்டியின் பூட்டை விடுவித்தாள். பாய் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். வண்டி நகரத் தொடங்கியது, நானும் கூடவே நடந்தேன்.

“மாட்டேன்” என்றார்.

அவர் குரலில் நான் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.